அச்சமும் வீட்டுத் திரையும்: குடும்பத்தோடு பார்த்த பேய்ப்படங்களின் குழந்தைமை நினைவு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தொலைக்காட்சியில் பேய்ப்படங்களையும் மர்மத் தொடர்களையும் குடும்பத்தோடு பார்த்த நினைவு, 1980களிலும் 1990களிலும் வளர்ந்த தமிழர் பலருக்கும் பொதுவானது. அந்நினைவில் தங்கியிருக்கும் அச்சம் திரையிலிருந்து நேரே பிறந்ததன்று. வீட்டுக் கூடத்தின் அமைப்பு, உடனிருந்தோரின் சொல்லும் உடலும், ஒளிபரப்பின் இடைவெளி ஆகியவை சேர்ந்தே அதனை உருவாக்கின என்பது இக்கட்டுரையின் கருத்து. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் அதன் உரைகளும் இதற்குக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. ‘பிள்ளை நிலா’, ‘விடாது கருப்பு’, ‘யாவரும் நலம்’, ‘முனி’, ‘காஞ்சனா’ ஆகிய ஆக்கங்கள் சிறப்பாக நோக்கப்படுகின்றன. இத்தகைய ஆக்கங்களை அவற்றின் முடிவைக் கொண்டு மட்டும் மதிப்பிடும் வழக்கம் போதாது எனவும், அவை வீட்டில் விட்டுச்சென்றது எது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும் எனவும் கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: அச்சம், மெய்ப்பாடு, தொலைக்காட்சி, குடும்பப் பார்வை, காவல் தெய்வம், விடாது கருப்பு, குழந்தைமை நினைவு

முன்னுரை

தமிழ்ப் பேய்ப்படங்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இரு வழிகளில் செல்கின்றன. ஒன்று, படத்தின் கதையை ஆராய்ந்து அது மூடநம்பிக்கையை வளர்க்கிறதா, பகுத்தறிவுக்கு இடம் தருகிறதா என்று தீர்ப்பளிப்பது. மற்றொன்று, ஒளி, ஒலி, ஒப்பனை முதலிய உத்திகளைப் பட்டியலிடுவது. இரண்டுமே படத்தைத் திரையரங்கின் இருட்டில் தனித்திருந்து காணும் பார்வையாளரை மனத்தில் கொண்டவை.

ஆனால் ஒரு தலைமுறைக்குப் பேய்ப்படம் என்பது திரையரங்கில் கண்டதன்று. அது வீட்டில், விளக்கு எரியும் கூடத்தில், பெற்றோர், பாட்டி, உடன்பிறந்தார், சில வேளைகளில் அண்டை வீட்டார் நடுவே கண்டது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. 1980களில் ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படம் ஊரைக் கூட்டும் நிகழ்வாக இருந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியபின், கம்பிவடத் தொலைக்காட்சி சிற்றூர்களுக்கும் பரவியது. ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963), ‘யார் நீ?’ (1966), ‘அதே கண்கள்’ (1967) போன்ற பழைய மர்மப் படங்களும், ‘யார்?’ (1985), ‘மை டியர் லிசா’ (1987), ‘13ஆம் நம்பர் வீடு’ (1990) போன்ற பேய்ப்படங்களும் அவை வெளிவந்த காலத்தில் பிறந்திராத, அல்லது கைக்குழந்தைகளாக இருந்த பார்வையாளரைத் தொலைக்காட்சி வழியாகவே அடைந்தன.

அவ்வாறு பார்த்தோர் இன்று நடுவயதினர். அவர்களின் நினைவுகூரல்களில் ஒரு பொதுக்கூறு உண்டு. படத்தின் கதை அவர்களுக்கு மறந்துவிட்டது. யார் மடியில் அமர்ந்து பார்த்தார்கள், எந்தக் கட்டத்தில் போர்வைக்குள் புகுந்தார்கள், மறுநாள் கொல்லைப்புறம் செல்ல யாரைத் துணைக்கு அழைத்தார்கள் என்பவை மறக்கவில்லை. இந்த ஏற்றத்தாழ்வை நினைவின் குறைபாடு எனத் தள்ளிவிடலாகாது. அச்சம் எவ்விடத்தில் உருவானது என்பதற்கு அதுவே சான்று. மதுரைக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் வளர்ந்த கட்டுரையாளரின் சொந்த நினைவும் இங்கு ஒரு சான்றாகச் சேர்க்கப்படுகிறது. அது எல்லார்க்கும் பொருந்தும் விதியாக அன்று, ஆராய்வதற்குரிய ஒரு நிகழ்வாகவே முன்வைக்கப்படுகிறது.

1. அச்சத்தின் நிலைக்களன்கள்

தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஐந்தாவதாக வருவது அச்சம். அஃது அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கன் காரணமாகப் பிறக்கும் என்பது அவர் வகுத்த முறை. இவற்றுள் அணங்கு என்பதில் பேயும் பூதமும் முதலியன அடங்கும் எனவும், இறை என்பதில் அரசனோடு தந்தையும் ஆசிரியரும் அடங்குவர் எனவும் பேராசிரியர் உரை விரிக்கிறது. பேய்க்கு அஞ்சுவதும் தந்தைக்கு அஞ்சுவதும் ஒரே மெய்ப்பாட்டின் இரு கிளைகள் என்னும் இக்கருத்து நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது.

இவ்விரண்டிற்கும் வேறுபாடும் உண்டு. அணங்கின்மேல் எழும் அச்சத்திற்கு அஞ்சுவோன் பிழை ஏதும் செய்திருக்க வேண்டுவதில்லை. வழியில் போகிறவனையும் அணங்கு வருத்தும். இறையின்மேல் எழும் அச்சமோ பெரும்பாலும் பிழையோடு தொடர்புடையது; செய்த தவற்றுக்கு ஒறுக்கப்படுவோம் என்னும் எண்ணத்தில் பிறப்பது. முன்னதற்குக் காப்பு வேண்டும். பின்னதற்கு ஒழுக்கம் வேண்டும். உரையாசிரியர் இவ்வாறு பிரித்துக் கூறவில்லையெனினும், அவர் தரும் எடுத்துக்காட்டுகளிலிருந்து இவ்வேறுபாட்டைப் பெறுதல் கூடும்.

மெய்ப்பாடு யாருடையது என்னும் வினாவும் உரைகளில் எழுகிறது. நிகழ்த்துவோன் செய்தது காண்போரைச் சென்றடைதல் என்னும் செயிற்றியக் கருத்தை இளம்பூரணர் எடுத்தாள்கிறார். கூத்தரங்கில் நிகழ்த்துவோன், காண்போன் என இரு முனைகள் உள்ளன. வீட்டுக் கூடத்தில் மூன்றாவது முனை ஒன்று சேர்கிறது. அது உடன் காண்போர். திரையில் கதவு தானே திறக்கும்போது குழந்தை முதலில் பார்ப்பது தாயின் முகத்தை. அம்முகம் அமைதியாக இருந்தால் கதவு வெறுங்கதவு. அம்முகம் சுருங்கினால் கதவுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது. ஆகவே வீட்டில் அச்சம் திரையிலிருந்து நேராகக் குழந்தைக்கு வருவதில்லை. பெரும்பாலும் இன்னொருவர் உடலைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது.

2. கூடத்தின் ஒழுங்கு

பிரித்தானிய ஊடக ஆய்வாளர் டேவிட் மார்லி, இலண்டன் குடும்பங்களை ஆராய்ந்து 1986இல் வெளியிட்ட நூலில், தொலைக்காட்சி பார்ப்பது வீட்டின் அதிகார உறவுகளுக்கு உட்பட்ட செயல் என்று காட்டினார். தொலையியக்கி பெரும்பாலும் தந்தையின் கையில் இருந்தது என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. தமிழ்க் குடும்பத்தில் இவ்வொழுங்கு இன்னும் வெளிப்படையானது. தந்தைக்கு நாற்காலி, தாய் சமையலறைக்கும் கூடத்திற்கும் நடுவிலுள்ள நிலைப்படியில், பாட்டி சுவரோரம், பிள்ளைகள் தரையில், திரைக்கு மிக அருகில். பேய் தோன்றும் கட்டத்தில் இவ்வொழுங்கு குலைகிறது. தரையிலிருந்த பிள்ளைகள் பின்னோக்கி நகர்ந்து பாட்டியின் முந்தானைக்குள் சேர்கின்றனர். ‘போதும், அணைத்துவிடு’ என்னும் ஆணை நாற்காலியிலிருந்து வருமோ என்னும் மற்றோர் அச்சமும் உடன் எழுகிறது. தொல்காப்பியம் கூறும் அணங்கும் இறையும் இங்கு ஒரே அறையில் இருக்கின்றன. ஒன்று திரையில், மற்றொன்று நாற்காலியில். பேய்க்கு அஞ்சிக் கண்ணை மூடிய குழந்தை, தந்தைக்கு அஞ்சி அழாமல் இருந்தது. அழுதால் படம் நின்றுபோகும்.

பாட்டியின் பங்கு வேறு. தொலைக்காட்சி வருவதற்கு முன்னரே முனியும் மோகினியும் காட்டேரியும் கொள்ளிவாய்ப் பிசாசும் அவர் வாய்மொழியில் குடியிருந்தன. எந்தப் புளியமரம், எந்தக் கிணறு, எந்த வேளை என்று ஊர்ப் பெயரோடு சொல்லப்பட்ட கதைகள் அவை. திரையில் வந்த வெள்ளைப் புடவைப் பேய்க்கு ஊரும் இல்லை, பெயரும் இல்லை. பாட்டி அதற்கு ஒரு முகவரி கொடுத்தார். கட்டுரையாளரின் அப்பத்தா, திரைப்பேயைக் கண்டவுடன் அதனைத் தம் ஊர்க் கிணற்றில் விழுந்து இறந்த ஒரு பெண்ணோடு ஒப்பிட்டுப் பேசுவார். படம் முடிந்தபின் எஞ்சியது திரைப்பேய் அன்று, அந்தக் கிணறுதான். வாய்மொழி மரபு தொலைக்காட்சியால் அழிந்தது என்னும் பொதுக்கூற்று இவ்வகையில் மறுபரிசீலனைக்கு உரியது. சில காலமேனும் திரை அம்மரபுக்கு எடுத்துக்காட்டுப் படமாகப் பயன்பட்டது.

இவ்வச்சத்தைப் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ தரும் அச்சத்தோடு ஒப்பிடுவது பயன் தரும். அச்சிறுகதையின் கதைசொல்லி ஒரு வீட்டில்தான் இருக்கிறான். மனைவி அருகில்தான் இருக்கிறாள். எனினும் தான் கண்டதை அவளிடம் சொல்ல முடியாத தனிமையே அங்கு அச்சத்தின் ஊற்று. வாசிப்பவரும் அவ்வாறே தனித்திருக்கிறார். கூடத்துப் பார்வையில் இத்தனிமை இல்லை. அச்சம் உடனுக்குடன் பேசப்படுகிறது. ‘அங்கே பார், வரப்போகிறது’ என்று முன்கூட்டியும் அறிவிக்கப்படுகிறது. அண்ணன் அஞ்சியதைக் கண்டு தங்கை சிரிக்கிறாள். நகையும் அச்சமும் அடுத்தடுத்து நிற்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. ‘கலிங்கத்துப்பரணி’யின் பேய்கள் அஞ்சவும் வைக்கின்றன, நகைக்கவும் வைக்கின்றன.

ஆயினும் இக்கூட்டுப் பார்வையை இனிமையான குடும்பக் காட்சியாக மட்டும் காண்பது பிழையாகும். மனோபாலா இயக்கிய ‘பிள்ளை நிலா’ (1985) இதற்குச் சான்று. காதலில் ஏமாற்றமுற்று இறந்த பெண்ணின் ஆவி, அவள் விரும்பியவனின் குழந்தைக்குள் புகுவது அப்படத்தின் மையம். பேபி ஷாலினி நடித்த அக்குழந்தையின் முகம்தான் பலருக்கும் நினைவில் உள்ளது. தம் வயதொத்த குழந்தையே பேயாவதைப் பிள்ளைகள் பார்த்தனர். பெரியோரோ அதிலிருந்து வேறொன்றை எடுத்தனர். ‘தலைவிரி கோலமாக அந்தி வேளையில் வெளியே நிற்காதே’ என்னும் பழைய கண்டிப்புக்குப் புதிய சான்று கிடைத்தது. இக்கண்டிப்பு ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளின் நடமாட்டத்தையே கூடுதலாகச் சுருக்கியது. திரையில் அநீதிக்குள்ளான பெண் பேயானாள். கூடத்தில் அப்பேய் சிறுமியரை வீட்டுக்குள் நிறுத்தும் காரணமாயிற்று. அவளுக்கு அநீதி இழைத்தவனைப் பற்றிக் கூடத்தில் யாரும் பேசவில்லை.

3. ஒரு கிழமை இடைவெளி: ‘விடாது கருப்பு’

1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘மர்மதேசம்’ தொடர்வரிசை, தமிழ்த் தொலைக்காட்சி அச்சத்தின் வரலாற்றில் ஒரு திருப்பம். இந்திரா சௌந்தர்ராஜனின் எழுத்தில், நாகாவின் இயக்கத்தில், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத் தயாரிப்பாக அது வந்தது. முதலில் வந்த ‘ரகசியம்’ ஒரு சிவன் கோயில், சித்தர் மரபு, நவபாடாண இலிங்கம் ஆகியவற்றைச் சுற்றி அமைந்தது. அடுத்து வந்த ‘விடாது கருப்பு’, ‘விட்டு விடு கருப்பா’ என்னும் நாவலின் அடிப்படையில் அமைந்தது. ஊர்க் காவல் தெய்வமான கருப்புசாமி, தவறு செய்தோரைக் குதிரையேறி வந்து தண்டிக்கிறார் என்னும் ஊர் நம்பிக்கை அதன் களம். தண்டனைகளுக்குப் பின்னால் ஒரு மனிதனின் பிளவுண்ட ஆளுமை இருந்ததைத் தொடர் இறுதியில் வெளிப்படுத்துகிறது. அப்பிளவுக்கான காரணமும் அவனது குழந்தைப் பருவத்திலேயே தேடப்படுகிறது.

கதையமைப்பை நோக்கினால் இத்தொடர் மூடநம்பிக்கையை வளர்த்தது எனக் கூற இயலாது. உளவியல் விளக்கம் அதன் எலும்புக்கூடு. அதனாலேயே, ‘கடைசியில் அறிவியல் முறையில் விளக்கிவிட்டார்கள்’ என்று அதற்காக வாதிடுவோர் உண்டு. இவ்வாதம் பனுவலைப் பொறுத்தவரை சரியானது. நினைவைப் பொறுத்தவரை அது போதாது. அத்தொடரைக் குழந்தையாகப் பார்த்தோரிடம் எஞ்சியிருப்பவை குதிரையின் குளம்பொலி, அரிவாள், முகப்பிசை, இருட்டு. விளக்கம் எஞ்சவில்லை. பலர் முடிவை அறவே மறந்துவிட்டனர். சிலர் அதனைப் பின்னாளில் இணையத்தில் மீண்டும் பார்த்தே அறிந்தனர்.

இதற்கு முதற்காரணம் ஒளிபரப்பின் கால அமைப்பு. தொடர் வாரம் ஒருமுறை வந்தது. ஒரு பகுதி, உச்சத்தில் அறுந்து நின்றபின், அடுத்த பகுதி வரை ஒரு கிழமை முழுவதும் அச்சம் வீட்டில் தங்கியது. அவ்விடைநாட்களில் கதையை வளர்த்தவர்கள் பள்ளிப் பிள்ளைகளும் திண்ணைப் பெரியோரும். யார் கருப்பு என்பதைவிடக் கருப்பு எங்கே வருவார் என்பதே பிள்ளைகளின் பேச்சு. இவ்வாறு பல மாதங்கள் பேசிப் பேசி வளர்ந்த அச்சத்தை, இறுதியில் வந்த ஓரிரு பகுதிகளின் விளக்கம் கரைக்கவில்லை. மாதக்கணக்கில் எழுப்பிய வீட்டை ஓரிரவில் இடிக்க முடியாது என்பது போன்றது இது.

இரண்டாவது காரணம், விளக்கத்தின் மொழி. ஆளுமைப் பிளவு என்பது ஒரு கருத்து. அதனைப் பின்தொடர முதிர்ச்சி வேண்டும். குளம்பொலிக்கு முதிர்ச்சி வேண்டா. குழந்தை கண்ணைப் பொத்திக்கொள்ளும். காதைப் பொத்த மறந்துவிடும். தொலைக்காட்சிப் பெட்டியின் சிறிய திரையில் உருவம் குறுகியது. ஒலியோ அறை முழுதும் நிறைந்தது, அடுத்த அறையில் படுத்திருந்த குழந்தையையும் எட்டியது.

பிற்காலப் படம் ஒன்றை எதிர்ச்சான்றாகக் கொள்ளலாம். மலையாள ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) படத்தின் கதையைத் தழுவி அமைந்த பி. வாசுவின் ‘சந்திரமுகி’யிலும் (2005) உளவியல் விளக்கமே மையம். ஆனால் அங்கு விளக்கம் தருபவர் ரஜினிகாந்த் ஏற்ற உளமருத்துவர் பாத்திரம். நாயகனின் வாயிலிருந்து வந்ததால் விளக்கமும் கொண்டாட்டத்தின் பகுதியாகி நினைவில் நின்றது. அன்றியும் அது ஓரமர்வில் முடியும் படம். அச்சத்திற்கும் விடைக்கும் நடுவே ஒரு கிழமை இல்லை. ஆகவே பகுத்தறிவு விளக்கம் ஓர் ஆக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேட்பது போதாது. அது யார் வாயிலிருந்து, எத்தனை கால இடைவெளியில், எத்தகைய வடிவில் வந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

4. இறை அணங்காதல்

‘விடாது கருப்பு’ விட்டுச்சென்ற அச்சம் எத்தகையது என்னும் வினாவே இக்கட்டுரையின் மையம்.

கருப்புசாமி தமிழகத்தின், குறிப்பாகத் தென்மாவட்டங்களின், காவல் தெய்வங்களுள் ஒருவர். அழகர்கோயிலின் பதினெட்டாம்படிக் கருப்பு, அடைத்த கதவே வழிபாட்டிற்குரியதாகச் சந்தனம் பூசி வணங்கப்படுபவர். வழக்குகளில் சத்தியம் செய்யும் இடமாகவும் அச்சந்நிதி அறியப்படுகிறது. ‘கருப்பன் முன்னால் சொல்’ என்றால் பொய் சொல்வோர் தயங்குவர். இத்தயக்கம் அச்சமே. ஆனால் அது பிழையோடு தொடர்புடைய அச்சம். பேராசிரியர் தந்தையோடும் ஆசிரியரோடும் அரசனோடும் சேர்த்து எண்ணிய வகை. மெய்ப்பாட்டியலின் சொல்லில், ஊர் மக்களுக்குக் கருப்பு ‘இறை’.

தொடரின் கதை இதனை மாற்றவில்லை. அதிலும் தவறு செய்தோரே தண்டிக்கப்படுகின்றனர். மாற்றம் கூடத்தில் நிகழ்ந்தது. கதையின் குற்றமும் அதற்கான தண்டனையும் குழந்தைக்கு எட்டவில்லை. குதிரையும் இருட்டும் எட்டின. பிழையிலிருந்து பிரிக்கப்பட்ட தண்டனை, யார்மேலும் எப்போதும் பாயக்கூடிய ஒன்றாகிறது. அதாவது ‘இறை’ ‘அணங்கு’ ஆகிறது. காவல் தெய்வம் பேயின் இடத்திற்கு நகர்கிறது.

இந்நகர்வின் விளைவு சிறியதன்று. கட்டுரையாளரின் குடும்பத்திற்குக் கருப்பே குலதெய்வம். அத்தொடருக்கு முந்தைய ஆண்டுகளில் களரியின்போது, கோயில் வெளியில் நிற்கும் சுடுமண் குதிரைகளின் கால்களுக்கிடையே விரித்த சமுக்காளத்தில் பிள்ளைகள் உறங்கினர். அவை எங்களுக்கு அச்சுறுத்தும் உருவங்கள் அல்ல; நிழல் தரும் பொருள்கள். தொடர் ஒளிபரப்பான ஆண்டில், நகரத்திலிருந்து வந்த உறவினர் பிள்ளைகள் கோயிலுக்குள் வர மறுத்து வண்டியிலேயே அமர்ந்திருந்தனர். அவர்கள் அக்கோயிலை முதலில் கண்டது திரையில். எங்களுள்ளும் சிலர் அவ்விரவு குதிரைகளின் அருகே படுக்கவில்லை. எங்கள் தெய்வத்தை நாங்களே திரையின் கண்ணால் பார்த்தோம்.

இங்கு ஒரு சமூகக் கூறும் கவனிக்கத்தக்கது. தொலைக்காட்சியில் அச்சத்தின் களமாக மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டவை நாட்டார் தெய்வக் கோயில்கள், ஊரெல்லைகள், சிற்றூர்கள். கோடி ராமகிருஷ்ணாவின் தெலுங்குப் படம் தமிழில் ‘அம்மன்’ என மொழிமாற்றம் பெற்று வந்தபோதும் கிராம தேவதையின் சினமே காட்சிச் சிறப்பாயிற்று. பெருங்கோயில் தெய்வங்கள் பக்திப் படங்களில் அருளின் வடிவாக வந்தன. எல்லைத் தெய்வங்கள் அச்சத்தின் வடிவாக வந்தன. ‘ரகசியம்’ தொடரில் பெருந்தெய்வக் கோயிலே மர்மத்தின் களமாவது இதற்கு விலக்கு. எனினும் அங்கும் அச்சம் இறைவன்மேல் அன்று; இரவில் கோயிலில் தங்குவோர்க்கு நேரும் கேட்டின்மேலேயே குவிகிறது. கருப்பின் தொடரில் தெய்வத்தின் பெயரே அச்சத்தின் பெயர். இத்தெய்வங்களை வழிபடும் மக்களின் வாழ்வில் அவை வகிக்கும் காவல், நீதி, உறவு ஆகிய பணிகள் திரையில் பின்னுக்குச் சென்றன. தயாரித்தோரின் நோக்கம் அதுவன்று எனினும் விளைவு அவ்வாறே அமைந்தது.

இவ்விளைவை மாற்றும் ஆற்றலும் கூடத்திற்கே இருந்தது. தொடரைப் பார்த்து அழுத ஒரு பிள்ளையிடம் அப்பத்தா சொன்னது: ‘தப்புப் பண்ணாதவங்கள கருப்பன் ஒண்ணும் செய்யமாட்டான், அவன் நம்ம வீட்டு ஆளு.’ இவ்வொரு தொடரில் அணங்கு மீண்டும் இறையாகிறது. அச்சம் நீங்கவில்லை; அது உரிய இடத்திற்குத் திரும்பியது. திரை பிரித்த குற்றத்தையும் தண்டனையையும் அவர் மீண்டும் இணைத்தார். உளவியல் விளக்கத்தால் செய்ய முடியாததை உறவுமுறைச் சொல் ஒன்று செய்தது. எல்லா வீட்டிலும் இவ்வாறு சொல்ல ஒருவர் இருந்திருப்பார் எனக் கொள்ள முடியாது. அப்படி ஒருவர் இல்லாத வீடுகளில் வளர்ந்தோரிடம் கருப்பு இன்றும் ஒரு பேயின் பெயராக எஞ்சியிருக்கக்கூடும்.

5. வீடே கதையாதல்

அடுத்த பத்தாண்டுகளில் தமிழ்ப் பேய்ப்படம் இக்கூடத்து அனுபவத்தையே தன் பொருளாக எடுத்துக்கொண்டது. விக்ரம் குமாரின் ‘யாவரும் நலம்’ (2009) இதில் முதன்மையானது. பதின்மூன்றாம் தளத்துப் புதிய வீட்டிற்குக் குடிவந்த குடும்பத்தின் பெண்கள் நாள்தோறும் நண்பகல் ஒரு மணிக்கு ஒரு தொடரைப் பார்க்கின்றனர். தொடரில் நிகழ்வது தம் வீட்டில் நிகழ்வதை மாதவன் ஏற்ற மனோகர் பாத்திரம் மட்டும் உணர்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியே இங்கு பேய் குடியிருக்கும் இடம். முந்தைய தலைமுறை கூடி அமர்ந்து அஞ்சிய அதே கூடத்தில், எல்லாரும் அமைதியாகத் தொடர் பார்க்க ஒருவன் மட்டும் அஞ்சுகிறான். அச்சத்தைப் பகிர முடியாமையே அவனது துன்பம். ‘காஞ்சனை’யின் தனிமை மீண்டும் வீட்டிற்குள் வருகிறது. படத்தின் இறுதியில் ஆவி தொலைக்காட்சியை விட்டுக் கைப்பேசிக்கு இடம்பெயர்கிறது. பலர் பார்க்கும் திரையிலிருந்து ஒருவர் மட்டும் பார்க்கும் திரைக்கு அச்சம் நகர்ந்ததை அப்படம் காலத்தோடு ஒட்டிக் கண்டுகொண்டது.

ராகவா லாரன்ஸின் ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011) ஆகியவை வேறு வழியில் சென்றன. அவற்றின் நாயகன் வளர்ந்த ஆண்; ஆனால் இருட்டினால் வெளியே செல்ல அஞ்சித் தாயின் துணையை நாடுபவன். பாயில் பாட்டியின் முந்தானைக்குள் ஒளிந்த அந்தக் குழந்தையே இப்போது நாயகன் வேடம் ஏற்றுத் திரைக்குள் சென்றுவிட்டது. இப்படங்கள் தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பப்பட்டுக் குடும்பங்களால் விரும்பிப் பார்க்கப்படுவதற்கு இதுவே காரணம் எனலாம். கூடம் தன்னையே திரையில் கண்டு சிரிக்கிறது. அஞ்சும் ஆணைப் பார்த்துச் சிரிக்க இடம் தந்ததன் மூலம், நாற்காலியில் அமர்ந்திருந்த ‘இறை’யின் வீறாப்பும் சற்றுத் தளர்ந்தது. ‘காஞ்சனா’வில் பேயாக வருவது நிலம் பறிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை. கொன்றவர்கள் மனிதர்கள்; தொல்காப்பியத்தின் சொல்லில் ‘கள்வர்’. ‘பிள்ளை நிலா’வின் காலத்துக் கூடம் பேசாமல் விட்ட வினாவை, அதாவது பேயாக்கியவர் யார் என்பதை, இப்படம் உரத்துக் கேட்டது. அக்கேள்வியை நகைச்சுவையின் இரைச்சல் பல இடங்களில் மூடிவிடுகிறது என்பதும் குறிக்கத்தக்கது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு.

குடும்பத்தோடு தொலைக்காட்சியில் பேய்ப்படம் பார்த்த நினைவில், அச்சம் உடன் காண்போர் வழியாகவே குழந்தையை அடைந்தது. நிகழ்த்துவோன், காண்போன் என்னும் இருமுனை அமைப்போடு உடன் காண்போர் என்னும் முனையையும் சேர்த்தாலன்றி இதனை விளக்க இயலாது.

வாரத் தொடரின் இடைவெளி அச்சத்தை வளர்த்தது. இறுதி விளக்கத்தை வலுவிழக்கச் செய்தது. எனவே ‘முடிவில் விளக்கம் உண்டு’ என்பதைக் கொண்டு ஓர் ஆக்கத்தை விடுவிப்பதும், ‘பேய் வருகிறது’ என்பதைக் கொண்டு அதனைக் கண்டிப்பதும் ஒருசேரக் குறையுடையவை.

காவல் தெய்வத்தின்மேலிருந்த ஒழுக்கம் சார்ந்த அச்சம், கூடத்துப் பார்வையில் குற்றத்திலிருந்து பிரிந்து பேயச்சமாக மாறியது. இறை, அணங்கு என்னும் மெய்ப்பாட்டியல் வேறுபாடு இம்மாற்றத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. இம்மாற்றத்தைத் தடுத்ததும் சில வீடுகளில் அதே கூடத்தின் மூத்தோர் சொல்லே.

கூட்டுப் பார்வை என்பது இழந்துபோன பொற்காலம் அன்று. அங்கு தந்தையின் ஆணையும் இருந்தது. சிறுமியரை அடக்கும் கண்டிப்பும் இருந்தது. ஆயினும் அங்கு அஞ்சிய குழந்தைக்கு அருகில் ஒருவர் இருந்தார், அச்சம் சொல்லாக்கப்பட்டது. இன்று அதே படங்களும் தொடர்களும் கைப்பேசியில், காதொலிப்பானோடு, தனித்திருக்கும் குழந்தையை அடைகின்றன. உடன் காண்போர் என்னும் முனை அங்கு இல்லை. இத்தலைமுறையின் அச்சத்தை யார் சொல்லாக்குகிறார்கள், அவர்களிடம் கருப்பு இறையாக இருக்கிறாரா, அணங்காக இருக்கிறாரா என்பவை தனியே ஆராயத்தக்க வினாக்கள். அவ்வாய்வு ஆக்கங்களின் முடிவுகளிலிருந்து அன்றி, அவற்றைப் பார்த்த வீடுகளிலிருந்து தொடங்க வேண்டும்.